‘கண்ணாடி’ யாருக்குப் புரியவில்லை?

ஒரு கலைப்படைப்பைப் பற்றி இருவர் இருவேறு அபிப்பிராயம் சொல்வது புதுமையன்று. நல்ல நாவலுக்கும் நல்ல நாடகத்துக்கும் எப்பொழுதும் நேர்வதுதான் அது. ஆனால் ஒரே படைப்பைக் கண்ட ஒருவர், தலைவலிதான் மிச்சம் என்று கோபத்தோடு எழுத, இன்னொருவர், என் சிறுபிராயத்தை நீங்கள் எங்கே கண்டீர்கள் என்று நன்றியோடு எழுதுவாராயின், அதனை வெறும் இரசனை வேறுபாடு என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. அங்கே என்ன நடந்தது என்று பார்க்கத்தான் வேண்டும்.

சோவியத் நெறியாளர் அந்திரேய் தார்க்கோவ்ஸ்கியின் ‘கண்ணாடி’ என்ற திரைப்படத்துக்கு இதுதான் நேர்ந்தது. மொஸ்ஃபிலிம் நிறுவனத்தின் தயாரிப்பாக 1975ஆம் ஆண்டு வெளிவந்த இப்படத்தை மையமாக வைத்து, ‘புரிகிறது’, ‘புரியவில்லை’ என்ற சொற்களுக்கு நாம் என்ன பொருள் கொள்கிறோம் என்பதை இன்று நோக்குவோம். கண்ணால் காண வேண்டிய ஒன்றை வானொலியில் காதுக்குச் சொல்வது சிரமமான காரியம். ஆயினும் நேயர்கள் மனக்கண்ணில் சில காட்சிகளையேனும் வரைந்துகொள்ளும் வகையில் சொல்ல முயல்கிறேன்.

தார்க்கோவ்ஸ்கி 1932இல் பிறந்தவர். அவரது தந்தையார் ஆர்செனி தார்க்கோவ்ஸ்கி சிறந்த கவிஞர். கீழைத்தேயக் கவிதைகள் பலவற்றை ருஷ்ய மொழிக்குப் பெயர்த்தவர். நெடுங்காலம் மொழிபெயர்ப்பாளராகவே அறியப்பட்ட அவருடைய சொந்தக் கவிதைகளின் முதல் தொகுதி 1962இல்தான் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 55. அதே 1962இல் மகனின் முதல் முழுநீளப் படமான ‘இவானின் சிறுபிராயம்’ வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்க விருதைப் பெற்றது. ஆர்செனி, மகன் சிறுவனாயிருந்தபோதே குடும்பத்தை விட்டுப் பிரிந்து சென்றுவிட்டார். தாயார்தான் ஓர் அச்சகத்தில் ஒப்புநோக்குநராக வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தெடுத்தார். தந்தை இல்லாத அந்த வீடும், அந்தத் தாயும், யுத்த காலமுமே ‘கண்ணாடி’யின் மூலப்பொருள்கள்.

கதையைச் சொல்வதானால் மிகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் நோயுற்றுக் கிடக்கிறான். அவன் தன் தாயை, பிரிந்துபோன மனைவியை, மகனை, தன் சிறுபிராயத்து வீட்டை எண்ணிப் பார்க்கிறான். படத்தில் கதையென்று சொல்லத்தக்கது இவ்வளவே. சிக்கல் கதையில் இல்லை; அது சொல்லப்படும் முறையில் இருக்கிறது.

முதலாவது, நினைப்பவனின் முகத்தை நாம் காண்பதேயில்லை. அவனுடைய குரல் மட்டும் கேட்கிறது. இரண்டாவது, அவனுடைய தாயாக இளமைத் தோற்றத்தில் வருபவரும் மனைவியாக வருபவரும் ஒரே நடிகை, மார்கரீத்தா தெரேக்கோவா. அவனுடைய பன்னிரண்டு வயதுத் தோற்றமும் அவன் மகனும் ஒரே பையன்தான். முதுமைத் தோற்றத்தில் தாயாக வருபவரோ நடிகையே அல்லர்; நெறியாளரின் சொந்தத் தாயார். மூன்றாவது, யுத்தத்துக்கு முந்திய காலம், யுத்த காலம், படம் எடுக்கப்பட்ட காலம் ஆகிய மூன்றும் முன்னறிவிப்பு எதுவுமின்றி ஒன்றினுள் ஒன்று புகுந்து வருகின்றன. வண்ணக் காட்சிகளுக்கு நடுவே கறுப்பு வெள்ளைக் காட்சிகள் வருகின்றன. ஆனால் வண்ணம் என்றால் இன்று, கறுப்பு வெள்ளை என்றால் அன்று என்ற சுலபமான கணக்கும் இல்லை. நான்காவது, இடையிடையே உண்மையான செய்திப்படத் துண்டுகள் வருகின்றன. ஸ்பானிய உள்நாட்டு யுத்தமும் ஹிரோஷிமாவும் சீன எல்லைப் பதற்றமும் ஒரு தனிமனிதனின் நினைவுகளுக்கு நடுவே வந்து போகின்றன. இவற்றுக்கெல்லாம் மேலாகக் கவிஞர் ஆர்செனி தமது கவிதைகளைத் தமது குரலிலேயே வாசிக்கிறார்.

ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மணித்தியாலம் ஓடும் இப்படத்தில் சுமார் 200 ஷொட்டுகளே உண்டு. இந்த அளவு நீளமுள்ள சாதாரணப் படத்தில் அதைப்போல் இருமடங்குக்கும் அதிகமாக இருக்கும். அதாவது, கமரா ஒரு பொருளின் மீது நெடுநேரம் நிற்கிறது. ஒரு காட்சியிலிருந்து அடுத்த காட்சிக்குத் தாவித் தாவிப் பழகிய கண் இங்கே பொறுமை இழக்கிறது.

படத்தை உருவாக்கியவர்களுக்குள்ளேயே இந்தப் பிளவு இருந்தது. அதுவரை தார்க்கோவ்ஸ்கியின் படங்களை ஒளிப்பதிவு செய்துவந்த வடீம் யூசொவ், இது மிதமிஞ்சிய சுயசரிதமாக இருக்கிறதென்று கருதி விலகிக்கொண்டார். கியோர்கி ரெர்பெர்க் அந்த இடத்துக்கு வந்தார். படத்தொகுப்பின்போது காட்சிகளை ஏறத்தாழ இருபது விதமாக மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்ததாகவும், படம் ஒன்றாக நிற்கவே மறுத்ததாகவும் தார்க்கோவ்ஸ்கி எழுதியிருக்கிறார். படைத்தவருக்கே ஒழுங்கு எளிதில் வசப்படவில்லையெனில், பார்ப்பவர் திகைப்பதில் வியப்பென்ன?

படம் வெளிவந்தபின் தார்க்கோவ்ஸ்கிக்கு வந்த கடிதங்கள் பல. பிற்காலத்தில் தாம் எழுதிய திரைப்படக் கலை பற்றிய நூலின் தொடக்கத்தில் அவற்றுட் சிலவற்றை அவர் தந்திருக்கிறார். தம்மைத் திட்டியவற்றையும் மறைக்காது தந்திருக்கிறார் என்பது குறிப்பிடத்தக்கது. லெனின்கிராட்டிலிருந்து எழுதிய ஒரு பெண் பொறியியலாளர், படத்தை விளங்கிக்கொள்ள உண்மையாகவே முயன்றதாகவும், அரை மணித்தியாலத்தில் கடுமையான தலைவலி வந்ததுதான் பலன் என்றும் முறையிடுகிறார். வேறு நகரங்களின் பொறியியலாளர்கள் சிலர் இன்னும் கடுமையாக எழுதினர். மறுபக்கத்தில், கோர்க்கி நகரத்துப் பெண்மணி ஒருவர், தமது சிறுபிராயம் அப்படியே இருந்ததென்றும், அந்தக் காற்றையும் இடிமுழக்கத்தையும் இவர் எவ்வாறு அறிந்தாரென்றும் வியந்து கேட்கிறார். லெனின்கிராட் தொழிற்சாலையொன்றில் வேலைசெய்துகொண்டு இரவு வகுப்பில் படித்துவந்த ஒருவர், இந்தப் படத்தைப் பற்றிப் பேசவே முடியவில்லை, அதனுள் வாழ்ந்துகொண்டிருக்கிறேன் என்ற கருத்துப்பட எழுதினார்.

இந்தக் கடிதங்களில் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. இத்தகைய படங்கள் படித்தவர்களுக்கு மட்டுமே உரியன, சாதாரண சனங்களுக்கு எட்டாதன என்பது பொதுவாக நிலவும் எண்ணம். கடிதங்கள் அந்த எண்ணத்துக்கு இடங்கொடுக்கவில்லை. உயர்கல்வி பெற்ற பொறியியலாளர்கள் சிலர் கோபிக்கிறார்கள். தொழிற்சாலையில் உழைப்பவர் நெகிழ்கிறார். விஞ்ஞானிகளிலும் படத்தைப் பாராட்டியவர்கள் இருந்தார்கள். ஆகவே பிளவுக் கோடு கல்வியின் வழியாகச் செல்லவில்லை. அது வேறெங்கோ செல்கிறது.

அது எங்கே செல்கிறது? பார்வையாளர் படத்திடம் எந்தக் கேள்வியைக் கேட்கிறார் என்ற இடத்தில் செல்கிறது என்பது என் எண்ணம். ‘அடுத்து என்ன நடக்கும்?’ என்ற கேள்வியோடு உட்காருபவருக்கு ‘கண்ணாடி’ ஒவ்வொரு நிமிடமும் ஏமாற்றத்தையே தரும். ‘இது எதைக் குறிக்கிறது?’ என்று ஒவ்வொன்றுக்கும் விடை தேடுபவருக்கும் ஏமாற்றமே. அந்தப் பொறியியலாளருக்குத் தலைவலி வந்தது இதனாலேயே. ‘இந்தக் கணத்தில் இவனுக்கு எப்படி இருந்திருக்கும்?’ என்று கேட்பவருக்குப் படம் தாராளமாகக் கொடுக்கிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். படத்தின் ஆரம்பத்தில் தாய் வேலிக் கம்பின் மேல் அமர்ந்து, வயல்வெளியைப் பார்த்தபடி புகைத்துக்கொண்டிருக்கிறாள். தூரத்தில் ஒருவன் வருகிறான். வருபவன் கணவனா என்று அவள் பார்க்கிறாள். இல்லை, வழி தவறி வந்த ஒரு வைத்தியன். அவன் வேலியில் ஏறி அமர, வேலி முறிந்து இருவரும் விழுகிறார்கள். அவன் சிரிக்கிறான். பின்பு விடைபெற்றுப் போகிறான். போகும்போது வயலின் குறுக்கே திடீரென ஒரு காற்று எழுந்து, பயிரைச் சாய்த்துக்கொண்டு அவளை நோக்கி வருகிறது. அவன் நின்று திரும்பிப் பார்க்கிறான். மீண்டும் ஒரு காற்று. பிறகு அவன் போய்விடுகிறான். அந்த வைத்தியன் பிறகு வருவதேயில்லை.

கதைக்கு இந்தக் காட்சி தேவையா என்று கேட்டால் தேவையில்லை. அந்தக் காற்று எதைக் குறிக்கிறது என்று கேட்டாலும் விடை இல்லை. ஆனால் வரவேண்டியவன் வராமல் வேறொருவன் வந்து போகும்போது, காத்திருக்கும் பெண்ணின் உள்ளத்தில் ஏற்படும் அசைவை அந்தக் காற்றைவிடச் சிறப்பாக எந்த வசனம் சொல்லும்?

அந்த வயலுக்கும் ஒரு வரலாறு உண்டு. தம் சிறுபிராயத்தில் அவ்வீட்டின் முன்னே வெண்ணிறமாகப் பூத்துக் கிடந்த பக்வீட் என்னும் தானியப் பயிர் தார்க்கோவ்ஸ்கியின் நினைவில் நின்றது. படமெடுக்கப் போனபோது அங்கே வேறு பயிர்கள் இருந்தன. அந்த நிலத்தில் அது விளையாது என்று உள்ளூர்க் கூட்டுப்பண்ணைக்காரர் சொல்லியும் அவர் விதைத்தார். பயிர் பூத்தது. இடிந்துபோன வீட்டையும் பழைய புகைப்படங்களைக் கொண்டு அதே இடத்திலே கட்டுவித்தார். புரியாத படம் எடுப்பவர்கள் மனம்போன போக்கில் எதையோ எடுத்துவிடுகிறார்கள் என்று சொல்வோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்பது நல்லது.

இன்னொரு காட்சி. அச்சகத்தில் வேலை செய்யும் தாய், தான் ஒப்புநோக்கிய பக்கங்களில் ஒரு பிழை போய்விட்டதோ என்ற பீதியில் மழையில் நனைந்தபடி ஓடிவருகிறாள். நீண்ட நடைக்கூடங்களினூடே கமரா அவள் பின்னே செல்கிறது. பக்கங்களைப் புரட்டுகிறாள். பிழை இல்லை. தோழியின் காதில் அந்தச் சொல்லை இரகசியமாகச் சொல்கிறாள். அது என்ன சொல் என்று நமக்குச் சொல்லப்படவில்லை. ஆனால் அது ஸ்டாலின் காலம். ஓர் எழுத்துப் பிழை ஒரு மனிதரின் வாழ்வையே அழித்துவிடக்கூடிய காலம். அந்தக் காலத்தின் அச்சத்தை ஒரு கைது, ஒரு சிறைக்கூடம் எதையும் காட்டாமலே இக்காட்சி உணர்த்திவிடுகிறது. அச்சொல்லைச் சொல்லியிருந்தால் நாம் அதைக் கேட்டுவிட்டு மறந்திருப்போம்.

மூன்றாவதாக, 1943இல் கிரிமியாவின் சிவாஷ் நீர்ப்பரப்பைச் செம்படையினர் கடக்கும் செய்திப்படத் துண்டைச் சொல்லவேண்டும். சேற்றிலும் நீரிலும் முழங்கால் புதைய, பாரங்களை இழுத்தபடி, முடிவில்லாது நடந்துகொண்டே இருக்கும் சாதாரண மனிதர்கள். இக்காட்சியைப் படமாக்கியவர் அன்றைய தினமே கொல்லப்பட்டதாகத் தார்க்கோவ்ஸ்கி எழுதியிருக்கிறார். இதன் மேல் தந்தையின் கவிதைக்குரல் ஒலிக்கிறது. அந்தத் தந்தையும் அதே யுத்தத்தில் ஒரு காலை இழந்தவர். ஒரு வீட்டின் துயரமும் ஒரு நாட்டின் துயரமும் இந்த இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன. சுயபுராணம் என்று படத்தைக் குறைசொன்னவர்கள் இந்த இடத்துக்கு விடை சொல்லவேண்டியவர்களாகிறார்கள்.

கவிதை கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இந்தப் பிரச்சினை பரிச்சயமானது. ஒரு அகப்பாட்டை வகுப்பில் படித்ததும் மாணவர் முதலிற் கேட்பது, ‘பிறகு என்ன நடந்தது?’ என்பதே. அகப்பாட்டில் பிறகு ஒன்றும் நடப்பதில்லை. தலைவனுக்குப் பெயரில்லை, தலைவிக்கும் பெயரில்லை. நிலமும் பொழுதும் பறவையும் மரமும் உணர்வைத் தாங்கி நிற்கின்றன. ஆனால் ஒரு முக்கியமான வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. முல்லை என்றால் இருத்தல், பாலை என்றால் பிரிதல் என்று சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இடையே ஓர் உடன்பாடு அங்கே முன்னரே இருந்தது. தார்க்கோவ்ஸ்கிக்கும் அவரது பார்வையாளருக்கும் இடையே அத்தகைய உடன்பாடு இருக்கவில்லை. காற்றும் நீரும் தீயும் சரிந்துவிழும் கூரைச் சாந்தும் என்ன உணர்வைத் தாங்கும் என்பதைப் படமே பார்வையாளருக்குக் கற்பித்துக்கொண்டு போகவேண்டியிருந்தது. சிலர் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டனர். சிலர் கற்க விரும்பவில்லை. விரும்பாமலிருப்பதற்கும் அவர்களுக்கு உரிமை உண்டு.

இங்கே எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்லியாகவேண்டும். பார்த்தவர்கள் பலர் கூறிய குறைகள் வெறும் அறியாமையால் எழுந்தவையல்ல. தாயும் மனைவியும் ஒரே முகத்தோடு வருவது, படத்தை முதன்முறை பார்ப்பவரை உண்மையிலேயே குழப்புகிறது. தாயை நினைக்கும்போதெல்லாம் உன் முகமே வருகிறது என்ற கருத்துப்பட நாயகன் மனைவியிடம் சொல்லும் ஒரு வார்த்தையைத் தவறவிட்டால், பிடிப்பதற்கு வேறு கயிறு இல்லை. புஷ்கின் 1836இல் சாதாயெவுக்கு எழுதிய கடிதமொன்றைப் பையன் உரத்து வாசிக்கும் காட்சியின் கனம் ருஷ்ய வரலாறு அறியாதவருக்கு எட்டாது. நாள் முழுதும் உழைத்து, காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கி வந்து அமர்ந்தவர், எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லையே என்று சொன்னால், உனக்கு இரசனை போதாது என்று அவரைப் பார்த்துச் சொல்வது பண்பாகாது. புரியாமையையே உயர்வின் அடையாளமாகக் கொண்டு தலையாட்டும் சிலர் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களைவிடத் தலைவலி வந்தது என்று நேர்மையாக எழுதிய அந்தப் பெண்மணியே கலைக்கு நெருக்கமானவர். அவர் உண்மையாகப் பார்க்க முயன்றார்.

ஆனால் ‘எனக்குப் புரியவில்லை’ என்பது ஒன்று. ‘மக்களுக்குப் புரியாது’ என்பது முற்றிலும் வேறொன்று. முதலாவது ஒரு மனிதர் தம் அனுபவத்தைச் சொல்வது. இரண்டாவது, மற்றவர்களின் பெயரால் கதவைச் சாத்துவது. சோவியத் திரைப்படத்துறை அதிகாரிகள் இரண்டாவதைச் செய்தார்கள். படம் முடிந்தபோது, விளங்காத படம், பொதுமக்களுக்கு ஆகாத படம் என்ற குற்றச்சாட்டு மேலிடத்திலிருந்து வந்தது. 1975இல் திரைப்படச் சஞ்சிகையொன்றில் வெளியான கலந்துரையாடலில் சக கலைஞர்கள் சிலரும் கண்டித்துப் பேசினர். கான் திரைப்பட விழாவினர் படத்தைப் பெற விரும்பியபோதும் அனுப்பப்படவில்லை. உள்நாட்டிலும் பிரதிகளைக் குறைத்து, மிக மட்டுப்படுத்தப்பட்ட முறையிலேயே வெளியிட்டார்கள். மக்களுக்குப் புரியாது என்று சொல்லி, மக்கள் பார்க்க முடியாமற் செய்துவிட்டால், அந்தக் கூற்று சரியா பிழையா என்று சோதித்துப் பார்க்க யாருக்கும் வாய்ப்பே இல்லாமற் போய்விடுகிறது. அந்தக் குறைந்த காட்சிகளையும் தேடிச் சென்று பார்த்து, ஒரு வாரத்தில் நான்கு முறை பார்த்தேன் என்று எழுதிய சாதாரண மனிதர்களின் கடிதங்கள்தான் அதிகாரிகளுக்குக் கிடைத்த மறுமொழி. வெகுசனங்களுக்குத் தாம் அந்நியமானவர் என்ற பழியைச் சுமந்துகொண்டிருந்த ஒரு கலைஞனுக்கு அக்கடிதங்கள் எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தார்க்கோவ்ஸ்கி சொன்ன ஒரு சம்பவம் உண்டு. ஒரு காட்சி முடிந்தபின் மண்டபத்தில் படத்தின் பொருளைப் பற்றி விவாதம் நீண்டுகொண்டே போயிற்றாம். மண்டபத்தைக் கூட்டித் துப்புரவாக்க வந்த பெண்மணி பொறுமையிழந்து, இதில் விவாதிக்க என்ன இருக்கிறது, ஒரு மனிதன் நோயுற்றுச் சாகப் பயந்தான், தான் மற்றவர்களுக்குச் செய்த கெடுதிகளெல்லாம் அவன் நினைவுக்கு வந்தன, அவற்றுக்கு மன்னிப்புக் கேட்க விரும்பினான் என்ற பொருளில் சொல்லிவிட்டாராம். விமர்சகர்கள் பல பக்கங்களில் எழுதியதற்கும் இந்த விளக்கத்துக்கும் இடையே உள்ள தூரத்தைப் பாருங்கள். அவர் குறியீடுகளை விடுவிக்கவில்லை. படத்திலிருந்த மனிதனைப் பார்த்தார்.

தார்க்கோவ்ஸ்கி 1984இல் தாய்நாடு திரும்புவதில்லை என்று அறிவித்து, 1986 டிசம்பரில் பாரிசில் காலமானார். அவருக்குத் தடைபோட்ட அரசமைப்பு 1991இல் மறைந்தது. 2012ஆம் ஆண்டு ‘சைற் அன்ட் சவுண்ட்’ என்ற பிரித்தானிய சஞ்சிகை உலகின் நெறியாளர்களிடம் சிறந்த திரைப்படங்கள் எவையென்று கேட்டபோது ‘கண்ணாடி’ ஒன்பதாம் இடத்தைப் பெற்றது. விமர்சகர்கள் அதே ஆண்டு அதனைப் பத்தொன்பதாம் இடத்தில் வைத்தார்கள். இவற்றைக் கொண்டு அன்று கோபித்தவர்கள் பிழை, அன்று பாராட்டியவர்கள் சரி என்று தீர்ப்பெழுதிவிட முடியாது. இன்று இப்படத்தை முதன்முறை பார்ப்பவர்களிலும் பாதியில் எழுந்துபோகிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். காலம் எல்லோரையும் ஒரே கருத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. பார்த்து முடிவுசெய்யும் வாய்ப்பைத்தான் காலம் பலருக்கும் கொடுத்திருக்கிறது.

இப்படத்தைக் காணும் சந்தர்ப்பம் நேயர்களுக்குக் கிடைக்குமாயின் ஒன்றைச் செய்து பாருங்கள். முதல் அரை மணித்தியாலம் எதையும் விளங்கிக்கொள்ள முயலாதிருங்கள். தாய் என்ன செய்கிறாள், மழை எங்கே பெய்கிறது, பையன் எதைப் பார்க்கிறான் என்பவற்றை மட்டும் கவனியுங்கள். அதன்பின்னும் மனம் ஒட்டவில்லையாயின் தயங்காமல் எழுந்து போங்கள். யாருக்கும் நீங்கள் கணக்குக் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் பக்கத்தில் இருப்பவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தால் விளக்கைப் போட்டுவிடாதீர்கள். அவர் தம்முடைய வீட்டைக் கண்டுகொண்டிருக்கக்கூடும்.